மேட்ச்லெஸ்ஸுக்கு இது செட் ஆகாதுங்க

வெச்சிருங்க, வெச்சிருங்க. சாக்கைப் பிரிக்காதீங்க. அந்தச் செவுத்தோரமா வெச்சுப்போட்டு இப்படி ஒக்காருங்க. உடுமலையில இருந்து பஸ்ஸுலயே தூக்கிட்டு வந்தீங்களாக்கும்? கண்டக்டர் லக்கேஜ் போட்டிருப்பானே? போட்டிருப்பான். திரும்பிப் போறப்பவும் போடுவான், பாருங்க. முன்னாடியே சொல்லிப்போடறனுங்க, அப்புறம் மனசு சங்கடப்படக் கூடாது. அது செட் ஆகாது.

பாக்காமயே எப்படிச் சொல்றான் இந்தாளுன்னு நெனைக்கறீங்க. பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சுங்க. ரெண்டு வருசமா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், ஐம்பத்தஞ்சாம் வருசத்து மேட்ச்லெஸ் ஐநூறு மோட்டார் சைக்கிளுக்குச் சரியான கியர்பாக்ஸ் வேணும், சரியானதுன்னா சரியானதுன்னு. வர்றவங்க யாருங்கறீங்க? போன மாசம் ஈரோட்டுல இருந்து ஒருத்தரு, ஏசி கார்ல, புல்லட்டு பாக்ஸைக் கொண்டாந்து எறக்கறாரு. "ரெண்டும் பிரிட்டிஷ் வண்டிதானுங்களே"ங்கறாரு. அப்படீன்னா ஒரு வெள்ளைக்காரன் பல்செட்டைக் கழட்டி இன்னொரு வெள்ளைக்காரன் வாயில மாட்டிருவீங்களான்னு கேட்டேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. டீ கூடக் குடிக்கல, எந்திரிச்சுப் போயிட்டாரு. போகட்டும், டீத்தூள் மிச்சம்.

இன்னொருத்தன் போன்ல போட்டோ அனுப்பறான். "இது செட் ஆகுமா சார்"னு. போட்டோவைப் பாத்து அளவு சொல்றதுக்கு நான் என்ன கைரேகைக்காரனா? இந்தப் பக்கமிருந்து எடுத்தா ஒரு மாதிரி இருக்கும், அந்தப் பக்கமிருந்து எடுத்தா இன்னொரு மாதிரி இருக்கும். கையில வாங்கிப் பாக்கோணும். போட்டோவுல எதையுமே நம்பறதில்லைங்க நானு. எதையுமே.

உடுமலையில நீங்க எந்தப் பக்கமுங்க? காந்தி நகரா. சரி. சொந்த ஊரே அதுதானா? அப்பா என்ன பண்றாருங்க? ஓகோ. குலதெய்வம் எந்தக் கோயிலுங்க? சும்மாதான் கேட்டேன். பேச்சுக்கு. சொல்லாட்டிப் போங்க, அதனால என்ன.

மரகதம்! உடுமலைத் தம்பிக்கு ஒரு டீ! ...என்னது? டம்ளர்லயா கப்புலயாவா? எனக்கெப்படித் தெரியும், கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. உன்ற இஷ்டம்!

என்ற சம்சாரமுங்க. காது நல்லாக் கேக்கும். கேக்க வேண்டாததெல்லாம் கேக்கும்.

நீங்க எளந்தாரி, வண்டிங்க மேல ஆசை இருக்குது, கோவிச்சுக்காதீங்க, வெவரம் சொல்றேன். கேட்டுக்கங்க. ஏஜேஎஸ்ஸும் மேட்ச்லெஸ்ஸும் பங்காளிக. ஒரே பட்டறை, டேங்குல பேரு மட்டும் வேற. இதோட பாக்ஸ் அதுக்கு ஏறும், அதோடது இதுக்கு ஏறும், பேச்சே இல்லை. நார்ட்டன் அப்புறமா வந்து சேந்த சம்பந்தி. ஐம்பத்தாறுக்கு மேல இந்த மூணு பேருக்கும் ஒரே குடும்பத்துப் பாக்ஸ் வந்துருச்சு. என்ற வண்டி அதுக்கு முந்தினது, அதனால அது எனக்கு ஆகாது. புல்லட்டு வேற வகையறா. அதுக்கு பாக்ஸ் இஞ்சின் முதுகுலயே போல்ட்டுப் போட்டு ஒட்டிக்கிட்டு நிக்கும். நம்மளுதுல அப்படி இல்லைங்க. ரெண்டு இரும்புத் தகடு, நடுவுல பாக்ஸ், மேல ஒரு போல்ட்டு, கீழ ஒரு போல்ட்டு. தொங்குது. செயின் தொய்ஞ்சா பாக்ஸையே பின்னால தள்ளித்தான் டைட் பண்ணோணும். முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கறவன் எங்க, தனியாத் தொங்கறவன் எங்க? கேட்டா, ரெண்டும் பிரிட்டிஷாம். வெங்காயம்.

இதுலெல்லாம் ஏமாற மாட்டேன். ஏமாத்தறது ஏரியல் வண்டிதானுங்க. ஏன்னா ஏரியலுக்கும் அப்ப மேட்ச்லெஸ்ஸுக்கும் பாக்ஸ் செஞ்சு குடுத்தது ஒரே கம்பெனி, பர்மன்னு பேரு. பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளார பல்சக்கரம் கூட சிலது அங்கயும் இங்கயும் மாறும். ஆனா மேல்கூடு வேறங்க. போல்ட்டுக் கோக்கற காது வேற. கூட்டுக்கு மேல எழுத்து அடிச்சிருக்கும், எந்த வண்டிக்குச் செஞ்சதுன்னு. அதைப் பாக்கத் தெரியாதவன் ஏரியலை மேட்ச்லெஸ்னு நெனச்சு நடு ஊட்டுல கொண்டாந்து வெச்சுக்குவான்.

இந்த ஏரியல்ங்கற பேச்சே இந்த ஊட்டுல ரெண்டு வருசமா எடுக்கறதில்லைங்க. இன்னிக்கு நானா எடுத்துட்டேன். எடுத்தது எடுத்தாச்சு, முழுசாவே சொல்லிப்போடறேன். உங்களுக்குந்தான் அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கெடக்குது.

அந்தத் துணியை எடுங்க. அதுதான். என்ன பாக்கறீங்க? ஆமாங்க, நடுவுல வவுறு காணோம். இஞ்சின் இருக்குது, பின் சக்கரம் இருக்குது, நடுவுல பாக்ஸ் இல்லை. நாந்தான் கழட்டிப் போட்டேன். ரிப்பேரா? ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நெய்யில கத்தி எறங்கற மாதிரி கியர் விழுகும். எங்கய்யன், எங்கப்பாருங்க, வால்பாறை எஸ்டேட்டுத் தொரைகிட்ட இருந்து வாங்கின வண்டி. அவரு ஓட்டினாரு, அவருக்கப்புறம் நான் ஓட்டினேன். பழைய வண்டிச் சங்கத்துக்கு நான் செயலாளரு. சென்னியப்பன் வண்டின்னா ஒரு நட்டு, ஒரு வாஷர் கூட வெளிய இருந்து வந்ததில்லைன்னு கோயமுத்தூர்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான். மாத்திப் போட்டவங்க வண்டியை நான் சங்கத்து வரிசையில நிறுத்தவே உட மாட்டனுங்க. கடைசியில, மரத்தடியில போய் நிறுத்திக்கன்னு சொல்லிப்போடுவேன்.

அப்படி மரத்தடியில நின்னவன்தான் ரூபன்.

கால்நடை டாக்டருங்க. மாட்டுக்கு ஊசி போடறவன். தெக்க எங்கியோ சொந்த ஊரு, பொள்ளாச்சியில கவருமெண்டு ஆஸ்பத்திரியில வேலை. அவன்ற வண்டி ஏஜேஎஸ். நல்ல வண்டிங்க, பங்காளி வண்டி. அதுல என்ன பண்ணி வெச்சிருக்கான்? புல்லட்டு பாக்ஸ்! தானே டிராயிங் போட்டு, தானே தகடு வெட்டி, முதுகுல ஒட்ட வேண்டிய பாக்ஸை நடுவுல தொங்க உட்டிருக்கான். பாக்கவே கண்ணு கூசுச்சு. என்னப்பா இது கருமாந்தரம்னு கேட்டேன். "பர்மன் பாக்ஸ் கெடைக்கலைங்க, இது கெடச்சுது. ஓடுது"ன்னான். ஓடுதாம். வால்பாறை மலையில அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறுதாம். ஓடுதுங்கறதுக்காக சரின்னு ஆயிருமாங்க? எல்லாருந்தான் ஓடறாங்க.

அங்க வெச்சுத்தான் என்ற புள்ளை அவனைப் பாத்திருக்கா. தாரணி. ஒரே புள்ளைங்க. காலேஜுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறா. ஞாயித்துக்கிழமையான என்ற பின்னாடி ஒக்காந்து சங்கத்துக்கு வருவா. நான் அங்க வரிசையில நிக்கற வண்டிகளுக்கெல்லாம் குத்தம் கண்டுபிடிச்சுட்டு இருந்தா, இவ மரத்தடியில நின்னு பேசிட்டு இருந்திருக்கா. வெயிலுக்கு நிக்கறான்னு நெனச்சேன்.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. பாருங்க, ஆரையும் ஒரு வார்த்தை கேக்காம டம்ளர்லயே கொண்டாந்துட்டா. இருக்கட்டும், குடிங்க.

ஒரு நாள் தாரணி சொல்றா, "அப்பா, ரூபன் ஊட்டுக்கு வர்றாருங்க. உங்ககிட்டப் பேசோணுமாம்." வரட்டும்னேன். நான் ஜாதி கீதியெல்லாம் பாக்கறவன் இல்லைங்க. அதை மொதல்ல தெரிஞ்சுக்கங்க. பவுண்டரி வெச்சிருந்தவன் நானு, பம்பு பாடி வார்த்தோம், என்ற பட்டறையில எல்லாரும் இருந்தாங்க, ஆரையும் நான் ஒண்ணும் சொன்னதில்லை. எல்லாருக்கும் ஒரே டீதான். தனி டம்ளர் அது இதுன்னு அந்தக் காலத்து வழக்கமெல்லாம் நம்மகிட்டக் கெடையாது. பேப்பர் கப்புலதான் குடுப்போம். சுத்தம் பாருங்க. ரூபனுக்கும் பேப்பர் கப்புலதான் குடுத்தேன், புதுக் கப்பு. தாரணி அதைப் பாத்துட்டு உள்ள போயி, அவளும் ஒரு பேப்பர் கப்புல ஊத்திக் கொண்டாந்து அவன்ற பக்கத்துல ஒக்காந்து குடிச்சா. அந்த வயசுல அப்படித்தான், எல்லாமே வீம்பு.

நம்ம ஆளுக இல்லைங்கறது பாத்ததுமே தெரியும். அதை நான் பேச்சுல காட்டல. பொதுவாச் சொன்னேன். "தம்பி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு இருக்குது. பர்மனுக்குப் பர்மன், புல்லட்டுக்குப் புல்லட்டு. மாத்திப் போட்டா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் செயின் ஒரு பக்கமா இழுக்கும், தேயும், அறுந்துரும். நடுரோட்டுல நிப்பீங்க"ன்னு. அவன் தலையை ஆட்டிக் கேட்டுட்டே இருந்தான். மரியாதையாத்தான் இருந்தான், அதை இல்லைங்கல.

அப்புறம் வண்டியைப் பாக்கலாமான்னு கேட்டான். காட்டினேன். பெருமையாத்தான் காட்டினேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. கீழ குத்த வெச்சு ஒக்காந்தான். சுத்திச் சுத்திப் பாத்தான். பாக்ஸுக்கு மேல வெள்ளிப் பெயிண்ட்டு தடிமனா இருக்கும், எங்கய்யன் அடிச்சது, அதுக்கு மேல நான் அடிச்சது. அதை நகத்துல தடவிப் பாத்தான். மாட்டுக்குச் சினை பாக்கற மாதிரி கண்ணை மூடிட்டுத் தடவறான். தடவிப்போட்டு என்ன சொல்றான்?

"மாமா, இது ஏரியல் பாக்ஸுங்களே."

மாமாவா? யாருக்கு யாருங்க மாமன்? அது ஒண்ணு. ரெண்டாவது, என்ற ஊட்டுக்குள்ள, என்ற டீயைக் குடிச்சுப்போட்டு, எங்கய்யன் வண்டியைப் பாத்துக் கலப்புன்னு சொல்லிப்போட்டான். நாக்கு மேல பல்லைப் போட்டு. எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம், காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. வெளிய போடான்னுட்டேன். போடான்னுதான் சொன்னேன், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. மரகதம் என்னமோ சொல்லுவா, அவன்ற அம்மா அப்பாவைப் பத்தியெல்லாம் நான் பேசினேன்னு. எனக்கு நெனப்பில்லைங்க.

அவன் சத்தம் போடல. செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டான். போறப்ப தாரணிகிட்ட, "விடு, அவரு வண்டி மேல உசிரா இருக்காரு"ன்னு சொல்லிட்டுப் போறான். எனக்குச் சிபாரிசு! அவன் எனக்குச் சிபாரிசு பண்றான்!

தாரணி கேட்டா, "அப்பா, செட் ஆகாது செட் ஆகாதுங்கறீங்களே, பாக்ஸைச் சொல்றீங்களா, ரூபனைச் சொல்றீங்களா?" ரெண்டையுந்தான்னேன். அதுக்கு அவ சொன்னாளே ஒரு வார்த்தை. "உங்க வண்டி பேரே மேட்ச்லெஸ்ஸுங்கப்பா. அதுக்கு எதுதான் மேட்ச் ஆகும்?" மரகதம் பக்குன்னு சிரிச்சுப்போட்டா. இத்தனை வருசம் கூட இருந்தவ, அந்த நேரத்துல சிரிக்கறா. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கலைங்க.

அடுத்த நாள் காத்தால தின்னரும் துணியும் எடுத்துட்டு ஒக்காந்தேன். எதுக்குங்கறீங்க? அவன் சொன்னது பொய்யின்னு காட்டறதுக்குத்தான். எங்கய்யன் பெயிண்ட்டு, என்ற பெயிண்ட்டு, எல்லாம் ஒண்ணொண்ணா வழிச்சு எடுத்தேன். எழுத்துத் தெரிஞ்சுது. பாத்தேன். சங்கத்துல வெச்சிருக்கற புஸ்தகத்தை எடுத்துட்டு வந்து இன்னொருக்காப் பாத்தேன்.

ஏரியலுக்கு அடிச்ச எழுத்துதானுங்க.

அதனால என்ன? அதனால என்னன்னு கேக்கறேன். எங்கய்யன் போட்டிருக்காருன்னா காரணம் இல்லாம போட மாட்டாரு. அந்தக் காலத்துல சாமான் கெடைக்காது. கப்பல்ல வரோணும். வண்டி நின்னா தோட்டத்துக்கு எப்படிப் போறது? உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில ஏரியல் பாக்ஸ் கெடச்சிருக்கும், எடுத்துப் போட்டிருப்பாரு. வேலை ஆகோணுமில்லைங்களா? அதைப் போயி கலப்புன்னு சொல்லலாமா? ரூபன் பண்ணினது கலப்பு. எங்கய்யன் பண்ணினது ஏற்பாடு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. உங்களுக்குத் தெரியுதுங்களா? தலையாட்டறீங்க, தெரியுதான்னு தெரியல.

தாரணிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அவ கேக்கறா, "அப்ப தாத்தா போட்ட ஏரியல் பாக்ஸுலதானே நீங்க இத்தனை வருசம் ஊட்டி மலையெல்லாம் ஏறி எறங்குனீங்க? அது செட் ஆச்சே?" என்ன புள்ளைங்க இது! கெமிஸ்ட்ரி படிச்சா இப்படியெல்லாம் பேசச் சொல்லுமா? அன்னிக்கே ஸ்பானரை எடுத்தேன். மேல் போல்ட்டு, கீழ் போல்ட்டு, செயினு, கேபிளு. மத்தியானத்துக்குள்ள பாக்ஸ் கீழ எறங்கிருச்சு. அதாங்க, அந்த மூலையில தார்ப்பாய்க்கு அடியில கெடக்குது. மாசம் ஒருக்கா எண்ணெய் ஊத்தி, கியர்த் தண்டைக் கையால சுத்தி உடுவேன். நமக்கு ஒட்டு ஒறவு இல்லாததா இருந்தாலும் துரு ஏற உடக் கூடாது பாருங்க.

கலியாணமா? பண்ணிக்கிட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல. கூட வர்றீங்களான்னு தாரணி வந்து நின்னா, பட்டுச் சேலை கூடக் கட்டல, சாதாரணச் சேலை. நான் சொன்னேன், "உன்ற புருசன் என்ற வண்டியைக் கொறை சொல்லிப்போட்டான். சரியான பாக்ஸை மாட்டி, அந்த வண்டியில உன்ற ஊட்டு வாசல்ல வந்து எறங்குவேன். அதுக்கு முன்னாடி வர மாட்டேன்." அவ வண்டியை ஒருக்காப் பாத்தா, என்னை ஒருக்காப் பாத்தா. "சரிங்கப்பா, பாக்ஸ் சீக்கிரம் கெடைக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. மரகதமும் கூடப் போயிட்டா, கையெழுத்துப் போட. நான் அன்னிக்கு கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். அது சுத்தமாத்தான் இருந்துது.

அதுல இருந்து இந்த அக்கப்போருதான். ஒருத்தன் பிஎஸ்ஏ பாக்ஸைக் கொண்டாறான், ஒருத்தன் டிரையம்ப் பாக்ஸைக் கொண்டாறான், ஒருத்தன் லேத்து மெசின்ல இருந்து எதையோ பிடுங்கிட்டு வர்றான். எல்லாத்தையும் திருப்பி அனுப்பியாச்சு. மரகதம் சொல்றா, நான் வேணும்னே தட்டிக் கழிக்கறேனாம். போன வருசம் ஒருத்தன் கொண்டாந்தது சரியான பாக்ஸுதானாம், காது ஓரத்துல கீறல் இருக்குதுன்னு நான் வேண்டாம்னுட்டேனாம். கீறல் இருந்துதுங்க! கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, இருந்துது.

அவ வாரா வாரம் பொள்ளாச்சி போயிட்டு வர்றா. பஸ்ஸுல. இப்ப அங்க ஒரு கொழந்தை இருக்குது. பொம்பளப் புள்ளை. தவழுதாம். போயிட்டு வந்த அன்னிக்கெல்லாம் போனை நீட்டுவா, "இதப் பாருங்க, உங்க பேத்தி"ன்னு. நான் பாக்கறதில்லை. போட்டோவுல என்னங்க தெரியும்?

சரி, கதை போதும். அந்தச் சாக்கைப் பிரிங்க, பாத்துத் தொலைச்சுப்போடலாம். ஏரியலா இருக்கும். இல்லாட்டி நார்ட்டனா இருக்கும். சுதாரிச்சு, காலு மேல போட்டுக்காதீங்க.

இருங்க. இப்படித் திருப்புங்க. வெளிச்சத்துப் பக்கமா.

இது எங்க புடிச்சீங்க? எந்தத் தோட்டம்? கெணத்து மேட்டுல கெடந்துதா? ஆரு வண்டியாம்? அந்தத் துணியைக் குடுங்க, தொடைக்கறேன். எழுத்தைப் படிங்க, எனக்குக் கண்ணாடி உள்ள இருக்குது. சத்தமாப் படிங்க. இன்னொருக்காப் படிங்க.

சரியானதுங்க. ஐம்பத்தஞ்சு மேட்ச்லெஸ். இதுதான். காதைத் தடவிப் பாத்தேன், கீறல் இல்லை. பல்லு சுத்துது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எல்லாம் விழுகுது.

மரகதம்! மரகதம், இங்க வா! ...ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை, போ. அப்புறம் சொல்றேன்.

தம்பி, ஒரு கை புடிங்க. மாட்டிப் பாக்கலாம். பஸ்ஸு கெடக்குது, அடுத்த பஸ்ஸு வரும். நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தூக்குங்க. இன்னும் கொஞ்சம். மேல் போல்ட்டைக் கோக்கறேன், ஆங், போயிருச்சு. பாத்தீங்களா, பொறந்த ஊட்டுக்கு வந்த மாதிரி போகுது. இப்ப கீழ் போல்ட்டு. கொஞ்சம் முன்னால. பின்னால. இன்னும் முன்னால. ஏனுங்க, காது இங்க நிக்குது, தகட்டுல ஓட்டை அங்க இருக்குது? நீங்க சாச்சுப் புடிக்கறீங்க. நேரா இருக்குதா? நேராத்தான் இருக்குதா?

எறக்குங்க. எறக்குங்க, கீழ வெச்சிருங்க.

அந்த உப்புத்தாளை எடுத்துக் குடுங்க. தகட்டுல இந்த எடம் கொஞ்சம் மேடா இருக்குது பாருங்க, பெயிண்ட்டுக்கு அடியில. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கழட்டினப்பவே பாத்தேன், எதோ துரு மேடுன்னு நெனச்சேன். தேச்சா தெரியும். தெரியுதுங்களா? வட்டமா? வெல்டு. கம்பெனி போட்ட ஓட்டையை எங்கய்யன் வெல்டு வெச்சு அடைச்சு, ராவி, ஏரியலுக்கு ஏத்த மாதிரி பின்னால ஓட்டையைத் தள்ளிப் போட்டிருக்காரு. என்ன சுத்தமா வேலை பண்ணியிருக்காரு பாருங்க. இத்தனை வருசம் என்ற கண்ணுக்கே தெரியல.

அப்ப என்னங்க அர்த்தம்? சரியான வண்டி, சரியான பாக்ஸு, செட் ஆகல. அதுதானே? சொல்லுங்க, அதுதானே? சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலையா? சரி, யாரோ சிரிச்ச மாதிரி இருந்துது.

புதுசா தகடு வெட்டலாம். வெட்டலாமுங்க, ஆனா சும்மா வெட்ட முடியாது. பழைய ஓட்டை எங்க இருந்துதுன்னு சுத்தமான அளவு வேணும். மயிரிழை மாறினாலும் செயின் ஒரு பக்கமா இழுக்கும். ஏஜேஎஸ் தகட்டை வெச்சு அளவு எடுத்தா ஆயிரும், பங்காளிதானே. கோயமுத்தூர்ல ஏஜேஎஸ் வெச்சிருக்கறவன் எவனும் தகட்டைக் கழட்டி அளவு எடுத்திருக்க மாட்டான். சோம்பேறிக் கூட்டம். எடுத்தவன் ஒருத்தன் இருக்கான். புல்லட்டு பாக்ஸை மாட்டறதுக்கு முன்னாடி கம்பெனித் தகட்டைக் கழட்டி டிராயிங் போட்டு வெச்சவன். வெச்சிருப்பான். அவனெல்லாம் எதையும் தூக்கிப் போடற ஜாதி இல்லை. நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க.

நீங்க பொள்ளாச்சி வழியாத்தானே போறீங்க?

பாக்ஸ் இங்கியே இருக்கட்டும், தூக்கிட்டு அலைய வேண்டாம். நீங்க பொள்ளாச்சியில எறங்குங்க. கால்நடை ஆஸ்பத்திரின்னு கேட்டா சின்னப் புள்ளை கூடச் சொல்லும். ரூபன் டாக்டர்னு கேளுங்க. ஏஜேஎஸ் தகட்டு டிராயிங் ஒரு நகல் வேணும்னு கேளுங்க. உங்க வண்டிக்குன்னே சொல்லுங்க. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. அவன் சொன்னது சரின்னு நான் சொல்லலைங்க, அதை நல்லாக் கேட்டுக்கங்க. எனக்கு அளவு மட்டும் போதும்.

நானா? நான் எதுக்குங்க வர்றது? நான் வண்டியில வர்றேன்னுதான் சொல்லியிருக்கேன். பஸ்ஸுல போயி அவன் வாசல்ல நிக்கச் சொல்றீங்களா? நல்லாச் சொன்னீங்க.

டிராயிங் ஊட்டுல இருக்குதும்பான். வாங்கன்னு கூப்புடுவான். அவன் யாரு வந்தாலும் கூப்புடுவான், அந்தப் பழக்கம் இருக்குது அவனுக்கு. போங்க. டீ குடுப்பாங்க, குடிங்க. தாரணி கேட்டா இங்க, நம்ம மலுமிச்சம்பட்டிக்கு வந்துட்டுப் போறேன்னு சொல்லாதீங்க. கண்டுபுடிச்சிருவா.

அப்புறம், அங்க தரையில ஒண்ணு தவழ்ந்துட்டு இருக்கும். தூக்கித் தொலைங்க, அழுதாலும் பரவால்லை. தூக்கி வெளிச்சத்துல வெச்சு நல்லாப் பாருங்க. மூக்கு எங்க பக்கமான்னு மட்டும் பாருங்க, இதா, என்ற மூக்கைப் பாத்துக்கங்க. நடுவுல கொஞ்சம் மேடா இருக்கும். மத்ததெல்லாம் எந்தக் கம்பெனியா இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. பாத்துப்போட்டு ராத்திரிக்குப் போன் பண்ணுங்க. மரகதம் எடுத்தான்னா, பாக்ஸ் விசயம்னு சொல்லுங்க.